ஒரே பிள்ளை, இரண்டு அணி: எங்கள் சியர் ஜிம்மில் ஒரு கிராஸ்ஓவர் சீசன்

அமெரிக்காவில், டெக்சாஸின் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் எங்களுக்குத் தெரிந்த சில தமிழ்க் குடும்பங்களில் பெண் பிள்ளைகள் ஆல் ஸ்டார் சியர் ஜிம்முக்குப் போகிறார்கள். என் மகளுக்குப் பதினொரு வயது. போன சீசனில் ஒரே ஜிம்மின் இரண்டு அணிகளுக்கு ஆடினாள். இந்தக் கிராஸ்ஓவர் ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று வேறு அம்மாக்கள் கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் ஜிம்மின் பெயரை விட்டுவிட்டேன்.

சியர் என்றதும் நம் ஊரில் ஐபிஎல் எல்லைக்கோட்டருகே ஆடுபவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆல் ஸ்டாரில் உற்சாகப்படுத்த வேறு யாரும் இல்லை, இந்தப் பிள்ளைகளே போட்டியாளர்கள். 54 அடிக்கு 42 அடி ஸ்பிரிங் தளத்தில் இரண்டரை நிமிடம். அதற்குள் ஸ்டன்ட் (ஒருவரைத் தூக்கி நிறுத்துவது), பிரமிட் (அப்படிப் பல ஸ்டன்ட்களை இணைப்பது), டம்ப்ளிங் (கரணம், குட்டிக்கரணம்), ஜம்ப், நடனம் எல்லாம் முடிய வேண்டும். டைனி, மினி, யூத், ஜூனியர், சீனியர் என்று வயதுப் பிரிவுகள் உண்டு, அதற்குள் வித்தைகளின் கடினத்தைப் பொறுத்து 1 முதல் 7 வரை லெவல்கள். மே மாதம் அணி பிரித்தால், கோடையில் கோரியோகிராஃபி (ஆட்டத்தை அமைத்துக் கற்றுக்கொடுப்பது), குளிர்காலம் முழுக்கப் போட்டி, அடுத்த வசந்தம் வரைக்கும் நீளும். ஏறக்குறைய வருடம் முழுக்க.

எங்களுடையது சின்ன ஜிம். இங்கே கிராஸ்ஓவர் இல்லாமல் அணியே நிற்காது. டம்ப்ளிங் மதிப்பெண்ணில், ஒரு வித்தையை அணியில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது. நன்றாக டம்பிள் செய்யும் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டால் அணியின் மதிப்பெண் ஏறும். ஒரு குடும்பம் ஊர் மாறிப் போனால் அந்த இடத்தையும் நிரப்பியாக வேண்டும். அதனால் ஜிம் உங்கள் பிள்ளையை இரண்டாவது அணிக்குக் கேட்டால், அதில் பிள்ளையின் திறமையும் இருக்கிறது, ஜிம்மின் தேவையும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிது. யூத் லெவல் 2 அணியில் என் மகள் உயரமானவர்களில் ஒருத்தி, அதனால் பேஸ், கீழே நின்று தூக்குபவள். ஜூனியர் லெவல் 3 அணியில் அவள்தான் சின்னவள், அங்கே ஃப்ளையர், மேலே நிற்பவள். லெவல் 2-இல் ஒற்றைக்கால் ஸ்டன்ட் தோள் உயரத்தைத் தாண்டக்கூடாது. லெவல் 3-இல் அதே ஒற்றைக்காலில், பேஸ்கள் கையை முழுவதும் நீட்டித் தூக்கிய உயரத்தில் நிற்கலாம். மேலே போய் நின்ற பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, ஃப்ளையர் உடம்பை இறுக்கிப் பிடிக்காவிட்டால் கீழே இருக்கும் தோள்கள்தான் அடி வாங்கும் என்று. அதன் பிறகு யூத் அணியில் தன் ஃப்ளையர் தள்ளாடினால் கோபப்படுவதை விட்டுவிட்டு, “வயித்தை இறுக்கு, என்னைப் பார்க்காதே, நேரா பாரு” என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஓர் அணியிலேயே இருந்திருந்தால் இது இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

வயது வித்தியாசமும் நல்லதே செய்தது. ஜூனியரில் பதின்மூன்று, பதினான்கு வயது அக்காக்கள் இவளைத் தங்கையைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். யூத்தில் இவள்தான் அக்கா. எங்களுக்கு ஒரே பிள்ளை, அதனால் எனக்கு இது கண் நிறைந்த விஷயம்.

போட்டி நாளில் ஜிம் செய்த ஒரு காரியத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். ஒவ்வோர் அணியும் ஆட்ட நேரத்துக்கு முன்பே வார்ம்அப் அறைக்குப் போய்விட வேண்டும். அங்கே டம்ப்ளிங் விரிப்பு, ஸ்டன்ட் விரிப்பு, பிறகு முழுத் தளம் என்று ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள்தான். தாமதமாக வந்தால் அந்த முறை போனதுதான். இரண்டு அணிகளின் நேரமும் நெருங்கி வந்தால், ஒன்றை ஆடி முடித்து மூச்சு வாங்க நிற்கும் பிள்ளை அடுத்த வார்ம்அப்புக்கு ஓட வேண்டியிருக்கும். எங்கள் ஜிம்மில் கிராஸ்ஓவர் பிள்ளைகளுக்கென்றே ஒரு துணைப் பயிற்சியாளர் இருந்தார். தளத்திலிருந்து இறங்கும் இடத்தில் தண்ணீரோடு நிற்பார், தலையில் கட்டிய ரிப்பன் போவைச் சரிசெய்வார், “இப்போ ஜூனியர் கவுண்ட்ஸ்” என்று சொல்லி முதல் எட்டு எண்ணிக்கையை வாயாலேயே எண்ண வைப்பார். டாலஸ் நகரிலேயே நடக்கும் என்சிஏ (நேஷனல் சியர்லீடர்ஸ் அசோசியேஷன்) தேசியப் போட்டியில், மலைபோன்ற அந்தக் கன்வென்ஷன் சென்டர் கூட்டத்துக்கு நடுவே, பெற்றோர் எவரும் உள்ளே போக முடியாத இடத்தில், என் பிள்ளை தனியாகத் தவிக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, “இந்தப் பிள்ளை இப்பத்தானே ஆடிட்டுப் போச்சு?” என்று கேட்டுவிட்டு இரண்டாவது முறையும் எழுந்து நின்று கைதட்டினார்.

(என்சிஏவைத் தொடங்கியது லாரன்ஸ் ஹெர்க்கிமர் என்ற டாலஸ்காரர், 1948-இல். பிள்ளைகள் தாவும் ‘ஹெர்க்கி’ அவர் பெயரில் வந்த ஜம்ப்தான். இந்த ஊரில் சியருக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று வியப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.)

இனி என்னை வருத்தியது. ஜனவரியில் அவளுக்கு வலது மணிக்கட்டில் வலி. பின்பக்கமாகத் தாவிக் கைகளை ஊன்றி எழும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கில் உடம்பின் பாரம் முழுக்கக் கைகளில் இறங்குகிறது, வளரும் வயதில் எலும்பு முனைகள் இன்னும் கெட்டிப்படவில்லை. டாக்டர் சில வாரங்களுக்கு டம்ப்ளிங்கே வேண்டாம் என்றார். யூத் பயிற்சியாளரிடம் சொன்னோம், அவர் உடனே அவளை மார்க் மட்டும் (வித்தைகளைச் செய்யாமல் இடமும் அசைவும் மட்டும்) செய்யச் சொன்னார். அந்தச் செய்தி ஜூனியர் பயிற்சியாளருக்குப் போகவே இல்லை. அதே வாரம் அங்கே ஃபுல் அவுட் (போட்டியைப் போலவே முழு ஆட்டம்) வைத்து எல்லோரோடும் டம்பிள் செய்ய வைத்தார்கள். பிள்ளையும் அணிக்காக வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஐஸ் கட்டியோடு உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அணி இரண்டு என்றாலும் மணிக்கட்டு அதேதானே? நான் இரு பயிற்சியாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசிய பிறகு, கிராஸ்ஓவர் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பொதுவான ஒரு தாளில் வலி, ஓய்வு, செய்த மணிநேரம் எல்லாம் எழுத ஆரம்பித்தார்கள். சீசன் முடியும்வரை அதை ஒழுங்காகவே செய்தார்கள். ஆனால் அந்தத் தாள் ஜூனிலேயே இருந்திருக்க வேண்டும்.

ஓய்வு நாள் விஷயத்திலும் அப்படித்தான். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. வாராந்தரப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் பலர் சொல்லும் கணக்கு. சாதாரண வாரத்தில் நாங்கள் அதற்குள்ளேயே இருந்தோம். போட்டிக்கு முந்தைய வாரங்களில் ஞாயிறு மதியமும் கூடுதல் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். எங்களுக்கு ஞாயிறு மதியம் தமிழ்ப் பள்ளி. ஒரு கட்டத்தில் “உயிர்மெய் எழுத்து எங்கேயும் ஓடாது, போட்டி ஓடிடும்” என்று ஜிம்மில் ஓர் அம்மா சொன்னார். அவரும் தமிழ் அம்மாதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த நாட்களில் அவளை அனுப்பவில்லை, பயிற்சியாளரும் அதற்காக அவளை எந்த ஸ்டன்டிலிருந்தும் எடுக்கவில்லை, அதற்கு நன்றி.

பணம். இரண்டாவது அணிக்கு மாதக் கட்டணம் பாதிதான், சீருடையும் அதுவே போதும். ஆனால் இரண்டாவது கோரியோகிராஃபிக்குத் தனிக் கட்டணம், ஒவ்வொரு போட்டிக்கும் கிராஸ்ஓவர் கட்டணம். போட்டிக் கட்டணம் கையேட்டில் இல்லை, டிசம்பர் பில்லில்தான் பார்த்தோம். கேட்டபோது மறைக்காமல் விளக்கினார்கள். முதலிலேயே எழுதிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? பிப்ரவரியில் காயம்பட்ட ஒரு பிள்ளைக்குப் பதிலாக மூன்றாவது அணிக்கும் கேட்டு அலுவலகத்திலிருந்து திரும்பத் திரும்ப மின்னஞ்சல் வந்தது. மணிக்கட்டு வலி அப்போதுதான் ஆறியிருந்தது. முடியாது என்று கறாராகச் சொன்னோம்.

இன்னொன்றையும் கவனித்தேன். லெவல் 3 பிள்ளைகள் லெவல் 2 அணிக்கு வரும்போது, அந்த அணியிலேயே வளர்ந்த ஒரு பிள்ளைக்கு முன்வரிசை கிடைக்காமல் போகலாம். என் மகளின் வரவால் அப்படி ஒரு பிள்ளை டம்ப்ளிங்கில் பின்னால் போனாள். அவள் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசச் சில வாரம் ஆனது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, பயிற்சியாளர்தான் அதை முன்கூட்டியே அந்தக் குடும்பத்திடம் பேசியிருக்க வேண்டும்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். பயிற்சியின் தரத்துக்கும் போட்டி நாள் கவனிப்புக்கும் முழுசாக, தகவல் பரிமாற்றத்துக்காக ஒன்று குறைத்து. இரண்டாவது அணிக்குச் சரி சொல்லும் முன் உங்கள் ஜிம்மில் இதைக் கேளுங்கள்: இரு பயிற்சியாளர்களும் வாரம் ஒரு முறையாவது பிள்ளையைப் பற்றிப் பேசுவார்களா, எந்த நாள் நிச்சயமாக விடுமுறை, கிராஸ்ஓவர் கட்டணம் எவ்வளவு, போட்டியில் அடுத்த வார்ம்அப்புக்கு யார் கூட்டிப் போவார்கள். எங்கள் மகள் இந்த மே மாதமும் இரு அணிகளுக்கும் முயற்சி செய்யப்போகிறாள். ஞாயிறு விடுமுறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி ஜிம் உரிமையாளரிடம் கேட்டேன். போட்டுக் கொடுத்துவிட்டார்.