ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாவலா, சிறுகதையா?

குடியாத்தத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் உட்கார்ந்து கதை படிக்கிறோம். எதைப் படிப்பது என்று பேச்சு வந்தபோது கல்கியின் 'பொன்னியின் செல்வன்', மு.வ.வின் 'அகல் விளக்கு', இல்லாவிட்டால் சிறுகதைகள் என்று மூன்று யோசனை வந்தது. நான் சிறுகதைப் பக்கம்.

பொன்னியின் செல்வன் பிள்ளைகளை இழுக்கும், அதில் சந்தேகமே இல்லை. படம் வேறு 2022, 2023இல் வந்துவிட்டது. வந்தியத்தேவன் வாணர் குலம், வாணர்கள் ஆண்ட திருவல்லம் இதோ காட்பாடிக்குப் பக்கத்தில்தான், மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டனுக்குக் கட்டிய கோயில் இருக்கிறது என்று சொன்னால் போதும், நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் ஐந்து பாகம். தானாகப் படிக்கிற பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள், அது பாட்டுக்குப் படித்துக்கொள்ளும். அகல் விளக்கு 1961இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது, வாலாஜா பக்கத்துக் கதை. எனக்குப் பிடிக்கும், ஆனால் அறிவுரை கூடுதல், இந்த வயது அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை இதைத் தீர்மானிப்பது வருகைதான். காலாண்டுத் தேர்வு, ஆடிக் கிருத்திகை, கங்கையம்மன் சிரசுத் திருவிழா, வீட்டில் தறிக்குத் தார் சுற்ற ஆள் வேண்டும் என்று ஏதாவது ஒன்றில் பிள்ளை இரண்டு வாரம் வராமல் போகும். நாவல் என்றால் திரும்பி வரும்போது கதை எங்கேயோ போயிருக்கும், யார் யார் என்று கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும், அப்புறம் வருவதையே நிறுத்திவிடும். அப்படி நின்றுபோவது பெரும்பாலும் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைதான், நாம் யாருக்காக இதை நடத்துகிறோமோ அந்தப் பிள்ளை. சிறுகதையில் ஒவ்வொரு வாரமும் எல்லோருக்கும் முதல் வரியிலிருந்துதான் ஆரம்பம்.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு அப்பாவுக்கென்று வைத்திருந்த துண்டை அம்மா ஓர் அநாதைப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறாள். படித்து முடித்த சூட்டில், "அப்பா கிட்ட கேக்காம குடுத்தது சரியா?" என்று ஒரு பெண் கேட்டாள். துணி நெய்கிற வீட்டுப் பிள்ளைகள், ஒரு துண்டின் விலை தெரிந்தவர்கள், ஆளுக்கொரு பக்கம் நின்று பேசினார்கள். எல்லோருக்கும் முழுக் கதையும் தெரியும் என்பதால்தான் அப்படிப் பேச முடிந்தது.

அழகிரிசாமி கதைகளில் வரும் கரிசல் வட்டாரச் சொற்கள், தெற்கே கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு, நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தடுக்கும். சத்தமாக வாசித்தால் சரியாகிவிடும். பிளஸ் டூ பிள்ளைகளோடு எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை, அந்த வயதுக்கு நாவல் ஒத்துவரலாம். ஒன்பதாம் வகுப்பென்றால் தயங்காமல் சிறுகதையை எடுங்கள், ஆளுக்கொரு ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும்.