வைன்: ஓட ஆரம்பிச்சா தங்கம், ஏத்துறதுக்குள்ள உயிர் போயிடும்

விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்ட வைக்கிற வைன் மென்பொருளைப் போடலாமான்னு நண்பர் ஒருத்தர் கேட்டார், அவருக்கு டைப் பண்ண ஆரம்பிச்சது நீண்டுக்கிட்டே போனதால பொதுவுலயே போட்டுடறேன். நான் வருஷக்கணக்கா யூஸ் பண்றேன், சமீபத்துல சிஸ்டத்தை ஃபார்மட் பண்ணி மறுபடி ஏத்த வேண்டி வந்துச்சு, அந்தக் கடுப்பு இன்னும் அடங்கல, அதையும் கணக்குல வச்சுக்கிட்டுப் படிங்க.

கடுப்பு மொத்தமும் வைனை ஏத்தும்போது ஆப்ட் (உபுண்டு, மின்ட்ல பேக்கேஜ் ஏத்துற கமாண்டு) காட்டுற ஒரே ஒரு வரியாலதான். "யூ ஹேவ் ஹெல்ட் ப்ரோக்கன் பேக்கேஜஸ்", அதாவது அப்டேட் ஆகாம நிறுத்தி வச்ச, உடைஞ்ச பேக்கேஜ் உன்கிட்ட இருக்குன்னு. நான் எதைய்யா ஹோல்ட் பண்ணி வச்சிருக்கேன்னு ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் அடிச்சுப் பாத்தா லிஸ்ட் காலி. உடைஞ்ச பேக்கேஜ் இருக்கான்னு பாத்தா அதுவும் கிடையாது. பண்ணாத தப்புக்கு நம்ம பேர்ல கேஸ் எழுதுற மாதிரி ஒரு மெசேஜ். இதைக் கூகுள் பண்ணா வர்ற பதில்ல பாதி "அப்டேட் அடி, அப்கிரேட் அடி, ஃபிக்ஸ் ப்ரோக்கன் அடி"ன்னு இருக்கும், எல்லாத்தையும் அடிச்சு முடிச்சாலும் அதே வரி அங்கயே உக்காந்திருக்கும்.

உள்ள என்னதான் நடக்குதுன்னா, 32 பிட் புரோகிராம் ஓடணும்னா வைனோட ஐ386 (அதாவது 32 பிட்) பாதியும் வேணும், அதுக்குத் தேவையான லைப்ரரி எல்லாம் 64 பிட்ல ஒண்ணு 32 பிட்ல ஒண்ணுன்னு ஜோடியா இருக்கணும், அந்த ரெண்டும் ஒரு புள்ளி கூட மாறாம ஒரே வெர்ஷனா இருக்கணும். இப்ப வேற ஏதோ வேலைக்காக நீங்க ஒரு பிபிஏ (வெளியாளுங்க நடத்துற பேக்கேஜ் கிடங்கு) சேத்திருக்கீங்க, அது 64 பிட் லைப்ரரியை மட்டும் புதுசாக்கிட்டுப் போயிடுச்சு, 32 பிட்டுக்கு அந்த வெர்ஷனே அங்க கிடையாதுன்னா, முடிஞ்சது கதை. ஆப்ட் இதை நேரா சொல்லாது. வைன் குழுவே தர்ற வைன்ஹெச்க்யூ-ஸ்டேபிள் பேக்கேஜைப் போடச் சொன்னா வைன்-ஸ்டேபிள் இல்லங்கும், அதைத் தனியாப் போடச் சொன்னா வைன்-ஸ்டேபிள்-ஐ386 இல்லங்கும், இப்படி ஒவ்வொண்ணாக் கையால இறங்கிக்கிட்டே போகணும். எனக்கு அடியில மாட்டுனது லிப்ஜிஃபோட்டோ2, அதுக்கும் கீழ லிப்ஜிடி3. லிப்ஜிஃபோட்டோ கேமராவுல இருந்து படம் எடுக்குற லைப்ரரிங்க! நான் ஓட்டப் போறது ஸ்டாக் பாக்குற ஒரு புரோகிராம், அதுக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் பேரைக் கண்டுபிடிச்சுட்டா மிச்சம் சுலபம். ஆப்ட் பாலிசி கமாண்டுல லிப்ஜிடி3யையும் அதோட ஐ386 ஜோடியையும் சேத்துக் கேட்டா எது எந்த ரிப்போல (பேக்கேஜ் கிடங்குல) இருந்து வந்துச்சுன்னு காட்டிடும், டிஸ்ட்ரோவோட (உபுண்டு, மின்ட் மாதிரி நீங்க வச்சிருக்கிற லினக்ஸோட) வெர்ஷன் நம்பரைக் குடுத்து ரெண்டையும் இறக்கிப் போட்டா வைன் சமத்தா ஏறிடும். ஆனா ஒய் அடிக்கிறதுக்கு முன்னாடி எதையெல்லாம் ரிமூவ் பண்ணப் போறேன்னு அது காட்டுற லிஸ்டை முழுசாப் படிச்சுடுங்க, சில சமயம் டெஸ்க்டாப்பையே தூக்கிடறேன்னு கூசாமக் கேக்கும். மின்ட் வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு, வைன்ஹெச்க்யூ ரிப்போ சேக்கும்போது மின்டோட பேரைப் போடாதீங்க, அது எந்த உபுண்டு மேல நிக்குதோ அந்தப் பேர்தான் வேணும், 22க்கு நோபிள், 21க்கு ஜாமி.

டிஸ்ட்ரோலயே வைன் இருக்கே, எதுக்கு இந்த அவஸ்தைன்னு கேப்பீங்க. உபுண்டு 22.04ல அது 6.0.3, ரொம்பப் பழசு, அதோட ஐ386 சண்டை அதுலயும் அப்படியே வரும். 9.0ல புது வாவ்64 மோட் வந்துச்சு, 32 பிட் லினக்ஸ் லைப்ரரி இல்லாமலே 32 பிட் புரோகிராமை ஓட்டும், சந்தோஷம்தான், ஆனா வந்தப்ப அதுல 16 பிட் சப்போர்ட் இல்ல, எனக்கு வேண்டியதே அதான்.

ஏன்னா என் புரோகிராம் 32 பிட், அதோட செட்டப் ஃபைல் 16 பிட். 64 பிட் விண்டோஸ் 10ல டபுள் கிளிக் பண்ணா இந்த ஆப் உன் பிசில ஓடாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிடும். வைன்ல அதே ஃபைல் அந்தக் காலத்து நீல ஸ்க்ரீனோட திறந்து, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போயி ஏறிடுச்சு. கப்ஸ்ல (லினக்ஸோட பிரிண்டர் சிஸ்டம்) இருந்த பிரிண்டரெல்லாம் அதுக்குள்ள தானா வந்து நின்னுச்சு, டிரைவர்னு ஒண்ணு தேடவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை கூட ஹேங் ஆனதில்ல.

இதை விடப் பெரிய சந்தோஷம் ஃபார்மட்டுக்கு அப்புறம்தான். ஹோம்ல ஒளிஞ்சிருக்கிற டாட் வைன் ஃபோல்டர்லயே டிரைவ் சி, ரெஜிஸ்ட்ரி எல்லாம் இருக்கும், அதை அப்படியே காப்பி எடுத்து வச்சிருந்தேன், திருப்பிப் போட்டதும் புரோகிராம் விட்ட இடத்துல இருந்து திறந்துச்சு, டேட்டாவும் இருக்கு, ரிஜிஸ்டர் பண்ணதும் இருக்கு. புது வெர்ஷன் வைனை முதல் தடவை திறக்கும்போது அந்த ஃபோல்டரை அப்டேட் பண்றேன்னு ஒரு சின்னப் பெட்டி வரும், அதுக்கு முன்னாடியே காப்பி எடுத்துடுங்க, அப்புறம் பழைய வெர்ஷனுக்குத் திரும்புறது தலைவலி. சூடோ போட்டு (அட்மின் உரிமையோட) மட்டும் வைனை ஓட்டிடாதீங்க, ஃபோல்டர் ரூட்டுக்கு, அதாவது அட்மினுக்குச் சொந்தமாகிட்டா உங்களை உள்ளயே விடாது.

இவ்வளவு புகழ்ந்துட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: வேணாம். ஒரே ஒரு பழைய புரோகிராம், அதை விட்டா வழியில்லன்னா போடுங்க, அதுவும் முதல்ல ஃப்ளாட்பேக்ல (ஆப்ட் இல்லாம தனியா ஆப் ஏத்துற முறை) பாட்டில்ஸ்ங்கிற வைன் ஆப்பைப் போட்டுப் பாருங்க, தேவையான லைப்ரரியை அதுவே கொண்டு வந்துடும், ஆப்ட்டோட மல்லுக்கட்ட வேண்டாம், வெளி டிரைவ்ல இருக்கிற ஃபோல்டர் தெரியணும்னா மட்டும் தனியா பர்மிஷன் குடுக்கணும். அவருக்கு டாட் நெட் 4.8 (மைக்ரோசாஃப்டோட புரோகிராம் ஓட்டுற தளம்) கேக்குற புரோகிராமாம். வைன்ட்ரிக்ஸ்ல (வைனுக்குள்ள இந்த மாதிரி விண்டோஸ் பாகங்களை ஏத்துற ஸ்கிரிப்ட்) அது ஏறும், ஏறாமயும் போகும், நான் வந்து போட்டுத் தர்றதா இல்ல.