10 நாள் நேபாள ஊழியப் பயணம்: வண்டி நல்ல வண்டி, அட்டவணைதான் இடிக்கிறது

வேலூரில் சபைக் குழுக்களுக்கென்றே விற்கப்படும் பேக்கேஜ் இது. 12 பேர் சேர்ந்தால் ஒரு குழு. காட்பாடியிலிருந்து வேன், சென்னையில் விமானம், டெல்லியில் மாறிக் காத்மாண்டு, அங்கிருந்து ஜீப்பில் மலைக் கிராமம். இந்தப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டி நேரத்துக்கு வருகிறது, தங்குமிடம் சுத்தம், போர்வை கனமானது.

குறை முழுக்க அட்டவணையில் இருக்கிறது. ஞாயிறு காலை ‘சபை ஆராதனை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நேபாளத்தில் பெரும்பாலான சபைகள் கூடுவது சனிக்கிழமை, நெடுங்காலமாக அங்கே வார விடுமுறை நாள் அது. ஞாயிறன்று போனால் கதவு பூட்டியிருக்கும், விசுவாசிகள் வயலில் இருப்பார்கள். இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது, உள்ளூர்ப் போதகரிடம் கேட்காமல் எழுதிய அட்டவணை என்று.

10 நாள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போக இரண்டு, வர இரண்டு, காத்மாண்டு சுற்ற ஒன்று. கிராமத்துக்கு மிஞ்சுவது 5 நாள். அதற்குள் மருத்துவ முகாம், விபிஎஸ் என்ற சிறுவர் விடுமுறை வேதாகமப் பள்ளி, ஆலயத்துக்குப் பெயிண்ட், வீடு சந்திப்பு, கைப்பிரதி ஊழியம் (சுவிசேஷத் துண்டுப் பிரசுரம் கொடுப்பது) எல்லாம் அடைத்திருக்கிறார்கள்.

கைப்பிரதியை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறரை மதம் மாற்றுவதை நேபாளத்தின் 2015 அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவே தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். நாம் எப்படியோ விமானம் ஏறிவிடலாம், ஊரில் இருக்கும் போதகர் எங்கே போவார்? ஃபிளெக்ஸ் பேனரும் அதே கதைதான். ஆயர் படத்தோடு ‘மிஷன் ட்ரிப்’ என்று வீட்டுச் சபை வாசலில் கட்டிப் படம் எடுப்பது, அந்த வீட்டுக்காரரை நாமே காட்டிக்கொடுப்பதற்குச் சமம்.

மருத்துவ முகாம் இன்னும் சிக்கல். நம் ஊரில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் பஞ்சமில்லை என்பதால் ஏஜென்ட் இதைத்தான் பெரிதாக விற்கிறார். ஆனால் வெளிநாட்டு மருத்துவர் அங்கே வைத்தியம் பார்க்க நேபாள மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். பேக்கேஜில் அந்தப் பேச்சே இல்லை. பதிவு கிடைத்தாலும் அடுத்த கேள்வி நிற்கிறது. ரத்த அழுத்தம் 160/100 காட்டும் ஒருவருக்கு அதைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரை 30 கொடுத்துவிட்டு வருகிறோம், 31ஆம் நாள் அவர் என்ன செய்வார்? வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் குடியாத்தம் பக்கம் வாராவாரம் போனார், போன வழியில் அதே ஆட்களை மறுபடி பார்த்தார். அந்த ‘ரோட்சைடு’ என்ற சாலையோர வைத்தியம் நடந்த ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூச்சி மாத்திரையும் வேண்டாம். பள்ளிகளில் அரசே கொடுக்கிறது, நாம் கொடுத்தால் இரண்டு தடவை ஆகும்.

உருப்படியாக ஏதாவது செய்ய நினைத்தால் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொண்டு போங்கள். +1.00 முதல் +3.00 வரை, +1.50, +2.00, +2.50 மட்டும் கூடுதலாக. 40 வயது தாண்டியவருக்குக் கண்ணாடியை ஒவ்வொன்றாகப் போட்டு ஊசியும் நூலும் கொடுங்கள், எதில் கோத்துவிடுகிறாரோ அதுதான் அவர் பவர். கிட்டத்தில் மட்டும் மங்குகிறவருக்குத்தான் இது. தூரமும் மங்கலாகத் தெரிகிறது என்றால் கண்ணாடி கொடுக்காமல் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். உள்ளூர் சுகாதார நிலையத்திடம் முன்பே சொல்லி அவர்கள் இடத்தில் வைத்துச் செய்வது நல்லது.

பெயிண்ட் அடிக்க 12 பேர் தேவையே இல்லை. உள்ளூர்ப் பெயிண்டர் இருவருக்குக் கூலி கொடுத்தால் சுவரும் நேராக வரும், இரண்டு வீட்டில் அடுப்பும் எரியும்.

பிரசங்கம் தமிழிலிருந்து இந்திக்குப் போய், இந்தியிலிருந்து நேபாளிக்குப் போகிறது. தமாங் என்ற மலை மக்கள் மொழி பேசும் ஊர் என்றால் மூன்றாவது மொழிபெயர்ப்பும் உண்டு. 30 நிமிடச் செய்தி ஒன்றரை மணி நேரம் ஓடும், பாட்டிமார் தூங்கிவிடுவார்கள். சாட்சி 10 நிமிடம் போதும்.

அடையாள அட்டையில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். இந்தியருக்கு நேபாள விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போகும் 15 முதல் 65 வயது வரையுள்ளவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம், அவர்களுக்கு ஆதார் செல்லாது. சபைப் பதிவேட்டில் சாமுவேல், வாக்காளர் அட்டையில் செல்வம் என்று இருப்பவர்கள் நம்மிடையே நிறைய. ஏஜென்ட் சபைப் பட்டியலைப் பார்த்து டிக்கெட் போட்டுவிடுகிறார், குழு டிக்கெட்டில் பிறகு பெயர் மாற்றுவது பெரும்பாடு. அட்டையின் நகலைக் கொடுத்துவிட்டுத்தான் முன்பணம் கட்டுங்கள்.

மே மாத விடுமுறையில் போவது சரிதான். ஜூன் பாதிக்கு மேல் மழை, மலைப் பாதையில் மண் சரியும். டைபாய்டு ஊசியைக் கிளம்ப இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். இங்கே கத்திரி வெயிலில் பெட்டி கட்டுகிறவர்கள் ஸ்வெட்டரை மறந்துவிடுகிறார்கள்.

சாப்பாடு பருப்பும் சோறும், காலை 10 மணிவாக்கில் ஒன்று, இருட்டிய பின் ஒன்று. இட்லி வேண்டும் என்று சமையல்காரரைக் கூட்டிப் போக ஏஜென்ட் தனியாக ஒரு தொகை கேட்கிறார். கொடுக்காதீர்கள். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு திறந்த பாத்திரத்தில் வேக வெகு நேரம் பிடிக்கும். அங்குள்ள வீட்டுப் பெண்கள் குக்கரில் எத்தனை விசில் என்று சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகையை அவர்களிடம் கொடுத்தால் 5 நாளும் சூடாகச் சாப்பிடலாம்.