ஷிகிஷிக்குச் சட்டம் போட ஏற்ற வண்ணாரப்பேட்டைக் கடை

சாமி படங்களுக்கும் மறைந்தவர்களின் புகைப்படங்களுக்கும் சட்டம் போட்டுப் பழகிய கடையில் ஜப்பானியக் கவிதை எழுத்தோவியத்தைக் கொடுக்கலாமா என்று தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்திலுள்ள இந்தச் சிறிய பிரேம் கடையில் தாராளமாகக் கொடுக்கலாம்.

நான் கொடுத்தது, ஏறத்தாழ 27 செ.மீ. உயரமும் 24 செ.மீ. அகலமும் கொண்ட, ஷிகிஷி எனப்படும் தடித்த அட்டை. பழைய குளத்தில் தவளை குதிப்பதைப் பற்றி 1686இல் ஜப்பானியக் கவிஞர் பாஷோ இயற்றிய கவிதை அதில் தூரிகையால் எழுதப்பட்டிருக்கிறது. வலப்புறம் மேலே தொடங்கும் வரிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் இறங்க, இடப்புறத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் வெறுமையாக விடப்பட்டுள்ளது. ஜப்பானிய வரலாற்றின் ஹெயான் காலம் (794–1185) தொட்டு வரும் இந்தச் சிதறல் அமைப்பில் வெற்றிடமும் ஓவியத்தின் பகுதியே. மையில் தோய்த்தவுடன் எழுதிய எழுத்துகள் அடர்ந்து, போகப்போக மெலிந்து, வறண்ட தூரிகையின் மயிர்க்கோடுகள் தெரியும் நிலையில் மறுபடி கருமை கொள்கின்றன. மொழி அறியாதவரும் எழுதிய கையின் வேகத்தை இதில் பின்தொடரலாம்.

வேறொரு கடையில் காலி இடத்தை, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையால் மறைத்துவிடலாம் என்றார்கள். இங்கோ, உரிமையாளர் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "ஓரத்துல தங்கக் கோடு இருக்கு சார், அதையும் மறைக்க வேணாம்" என்று தாமாகவே சொன்னார். நான்கு விளிம்பும் தெரியும்படி உயர்த்திப் பொருத்தி, பசை தடவாமல் காகித முக்கோணங்களால் மூலைகளைப் பிடித்து, கண்ணாடி தாளில் படாதிருக்க உள்ளே மெல்லிய மரப்பட்டி வைத்திருக்கிறார். புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்ந்த இந்த மைக்கும் கையால் செய்த தாளுக்கும் ஈரம் ஆகாது என்பதால், கடற்காற்று வீசும் வடசென்னையில் இந்த இடைவெளி மிக அவசியம்.

நாளடைவில் தாளைப் பழுப்பாக்காத அமிலமற்ற அட்டை அவரிடம் இல்லை. நான் ஆண்டர்சன் தெருவில் வாங்கிக் கொடுத்தேன். சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தாமதமானது. சாதாரணக் கண்ணாடியில் டியூப்லைட் பிரதிபலித்து மெலிந்த எழுத்துகளை விழுங்கிவிடுகிறது என்பதுதான் உண்மையான குறை. கூடுதல் பணம் கொடுத்தாவது பிரதிபலிக்காத கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். அட்டை நீங்கலாக 1,400 ரூபாய் கொடுத்தேன். வேலையின் நேர்த்திக்கு அது நியாயமான கூலி.