நெய்பர் ஃபுல், ரூட் காணோம்: ஓஎஸ்பிஎஃப்போடு ஒன்பது வருடம்

போன வாரம் என் ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கில் பழுதான ரவுட்டர் ஒன்றை மாற்றினேன். ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் ஒரு முறை. நெய்பர் நிலை ஃபுல், அதாவது பக்கத்து ரவுட்டரோடு உறவு முழுமை, என்று வந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்து நெட்வொர்க் ஒன்றுகூட ரவுட்டிங் டேபிளில் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன், ஃபில்டரையெல்லாம் புரட்டினேன், இரண்டு மணி நேரம் போனது. இந்தத் தொல்லை எனக்கு இது மூன்றாவது முறை. புது நெட்வொர்க்குக்கு ஓஎஸ்பிஎஃப்பா, அதே வேலைக்கான இன்னொரு முறையான ஐஎஸ்-ஐஎஸ்ஸா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு எழுத உட்கார்ந்ததுதான் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஸ்விட்ச்சில் பத்து ரவுட்டர் இருந்தால் ஜோடி ஜோடியாக 45 உறவு வரும். ஓஎஸ்பிஎஃப் அந்த ஈதர்நெட்டையே வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கிவிடுகிறது. டிஆர், அதாவது அங்கே தேர்ந்தெடுக்கப்படும் பொறுப்பு ரவுட்டர், எல்லார் சார்பிலும் ஒரு டைப் 2 எல்எஸ்ஏ (எது எதோடு இணைந்திருக்கிறது என்ற அறிவிப்பு) எழுதும். மற்றவை தங்களைப் பற்றிய அறிவிப்பான டைப் 1-இல் இந்த டிரான்ஸிட் நெட்வொர்க்கில் இருக்கிறோம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். டிஆரோடும் அதன் பேக்கப்போடும் மட்டும் முழு உறவு (அட்ஜசென்சி) வைத்தால் போதும் என்பதால், அது 17-தான். ரவுட்டரிலிருந்து புள்ளிக்குப் போக காஸ்ட் (வழிக்கான செலவு எண்) உண்டு, புள்ளியிலிருந்து ரவுட்டருக்கு வர பூஜ்யம். அதனால் காஸ்ட் இரண்டு முறை கூடாது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தால் எனக்கு சந்தோஷமாக இருக்கிறது.

சரி, என் பிரச்சினைக்கு வருகிறேன். ஈதர்நெட் என்றாலே ஓஎஸ்பிஎஃப் அதைப் பிராட்காஸ்ட், அதாவது பல ரவுட்டர்கள் இருக்கும் நெட்வொர்க், என்று எடுத்துக்கொள்ளும், நடுவில் இருப்பது இரண்டே ரவுட்டரை இணைக்கும் ஒரு கேபிள் என்றாலும். அதற்கும் டிஆர் தேர்தல், அதற்காக 40 விநாடி காத்திருப்பு, ஒரு டைப் 2. இதைத் தவிர்க்கத்தான் என் இணைப்புகளைப் பாயிண்ட்-டு-பாயிண்ட் ஆக்கி வைத்திருந்தேன். புது ரவுட்டரில் அந்த ஒரு வரி விடுபட்டுவிட்டது. என் தவறுதான்.

ஆனால் ரவுட்டர்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ள அனுப்பும் ஹலோ பாக்கெட் எதையெல்லாம் சோதிக்கிறது பாருங்கள். ஏரியா (நெட்வொர்க்கின் எந்தப் பகுதி), ஹலோ நேரம் (எத்தனை விநாடிக்கு ஒரு ஹலோ), டெட் நேரம் (எத்தனை விநாடி சத்தமில்லாவிட்டால் உறவு போனது), பாஸ்வேர்ட். அப்புறம் டேட்டாபேஸ் (சேர்த்துவைத்த எல்எஸ்ஏக்கள்) பரிமாற்றத்தில் எம்டியு (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு). நெட்வொர்க் வகையை மட்டும் யாரும் கேட்பதில்லை. இரண்டு வகைக்கும் நேரம் 10, 40 என்று ஒன்றாகவே இருப்பதால் உறவு ஃபுல் வரை ஏறிவிடுகிறது. டேட்டாபேஸைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். புது ரவுட்டரின் எல்எஸ்ஏ, நான் டிரான்ஸிட் புள்ளியில் இருக்கிறேன் என்கிறது. எதிர்ப்பக்கம், நான் நேராக அந்த ரவுட்டரோடு இணைந்திருக்கிறேன் என்கிறது. போன வழியில் திரும்பி வரும் இணைப்பு இருக்கிறதா என்று எஸ்பிஎஃப் (குறைந்த செலவு வழியைத் தேடும் கணக்கு) பார்க்கும். இல்லை. அதோடு கணக்கு அங்கேயே நின்றுவிடும். ஓஎஸ்பிஎஃப்பின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 2328 வந்தது 1998-இல். அந்த ஹலோவில் இதற்கு ஒரு பிட் ஒதுக்கியிருக்கலாம்.

ஐஎஸ்-ஐஎஸ்ஸில் லேன் ஹலோவும் பாயிண்ட்-டு-பாயிண்ட் ஹலோவும் தனித்தனிப் பாக்கெட் வகைகள். வகை பொருந்தாவிட்டால் உறவே எழாது, எங்கே தேடுவது என்று உடனே தெரிந்துவிடும். அங்கே டிஆருக்குப் பதில் இருக்கும் டிஐஎஸ்ஸுக்குப் பேக்கப் கிடையாது, முன்னுரிமை கூடின ரவுட்டர் வந்தால் பொறுப்பு உடனே கை மாறும் என்பதெல்லாம் சின்ன வித்தியாசங்கள்.

ஓஎஸ்பிஎஃப்தான் எனக்குப் பிடித்தது, என் நெட்வொர்க்கில் அதை மாற்றப்போவதும் இல்லை. ஆனாலும் நண்பரே, நீங்கள் ஐஎஸ்-ஐஎஸ் போடுங்கள்.