எட்டு மாதம் எரிந்த அடுப்பும் ஒரு துண்டுப்பிரசுரத்தின் தமிழும்

குழித்துறையில் எங்கள் கிணற்றடியில் ஒரு கன மீட்டர் எரிவாயுக் கலன் எட்டு மாதமாக நிற்கிறது. சோறு, காய்கறித் தோல் போட்டால் அடுப்பெரிக்க வாயு தரும் 'பயோகேஸ்' வகை. 28,000 ரூபாய் கொடுத்தேன். கலனைப் பற்றிப் பெரிய குறை இல்லை. அதோடு தந்த துண்டுப்பிரசுரத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம். முப்பது ஆண்டுகளாக மார்த்தாண்டத்தில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கிறவன் நான். சொல் தப்பினால் கை துறுதுறுக்கும்.

முதல் வரியே 'புதுப்பிக்கத்தக்க எரிபொருள்'. அடுத்த வீட்டு மாமி அதைப் படித்துவிட்டு, "வருடா வருடம் புதுப்பிக்க எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டார். அவர் புதுப்பித்துப் பழகியதெல்லாம் பாங்கில் இருக்கும் அடகு நகையைத்தான். டில்லியில் 'மரபுசாரா எரிசக்தி' என்று இருந்த அமைச்சகத்தின் பெயரை 2006-ல் 'புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க' என்று மாற்றினார்கள். அமைச்சகத்துக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும், அடுக்களைக்கு எதற்கு? ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்ப் பாருங்கள். 'காற்றாலை' என்ற சொல்லை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. கரும்பாலையும் நூற்பாலையும் தெரிந்தவனுக்கு அதுவும் தெரியும்.

இரண்டாம் பக்கத்தில் பயோகேஸுக்கு 'உயிர்வாயு' என்று பெயர். அப்பா படித்த பள்ளிக்கூடத்தில் பிராணவாயுவுக்குத்தான் அந்தப் பெயர். ஆஸ்பத்திரியில் மூக்கில் வைப்பதை அடுப்பில் எரிப்பதா என்று மிரண்டுவிட்டார். மூன்றாம் பக்கத்தில் அதுவே 'இயற்கை எரிவாயு' ஆகிவிட்டது. இது பிழை மட்டுமல்ல, பொய். இயற்கை எரிவாயு பூமிக்கடியிலிருந்து எடுப்பது, ஆட்டோக்களில் நிரப்புவது. எடுக்க எடுக்கத் தீர்ந்துபோவது. இரண்டிலும் மீத்தேன் இருக்கிறது என்பதற்காகப் பெயரையும் ஒன்றாக்கிவிடலாமா?

எல்லாவற்றையும் மிஞ்சியது 'கழிவிலிருந்து எரிவாயு'. கழிவு என்றால் அம்மாவுக்குக் கழிப்பறை. மூன்று வாரம் அந்த அடுப்பில் பால் காய்ச்சவிடவில்லை. கஞ்சித்தண்ணீரும் மரச்சீனிக் கிழங்குத் தோலும் பலாச்சக்கை மடலும்தான் போடுகிறோம் என்று வாளியைத் தூக்கிக் காட்டிய பிறகே சம்மதித்தார்.

கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தார் தங்கள் கலனுக்குச் 'சக்தி சுரபி' என்று பெயர் வைத்தார்கள். நான் வாங்கியது அது அல்ல. காதுக்கு இனிமையான பெயர்தான். ஆனால் சுரபி என்றதும் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி நினைவுக்கு வருகிறதே! எங்கள் கலனோ மாடு மாதிரி. தினமும் தீனி போட்டால்தான் கறக்கும்.

எப்படி எரிகிறது என்று கேட்பீர்கள். தொடங்குவதற்குச் சாணம் கரைத்து நிரப்ப வேண்டும், பிறகு தேவையில்லை. ஆரம்பத்தில் வந்ததில் கரியமில வாயுதான் அதிகம், கொளுத்திய தீக்குச்சியே அணைந்தது. பத்தொன்பதாம் நாள் மாலை 'புஸ்' என்றொரு சத்தம், பிறகு மெல்லிய நீல வளையம். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. என் மனைவி உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்துத்தான் பாத்திரம் ஏற்றுவாள். சிலிண்டர் அடுப்பை அப்படியே இதில் மாட்ட முடியாது. துளை பெரிதான தனி அடுப்பு வேண்டும். அதைப் பிரசுரம் சொல்லவில்லை, பில் சொன்னது.

தினமும் இரண்டு மணி நேரம் எரியும் என்றது பிரசுரம். ஒரு நாளைக்கு மூன்று கிலோவுக்கு மேல் தீனி எங்கள் வீட்டில் சேர்வதில்லை என்பதால் ஒரு மணி நேரம் எரிகிறது. ஆனி, ஆடிச் சாரலில் அதுவும் பாதி. மாதம் ஒரு சிலிண்டர் தீர்ந்த வீட்டில் இப்போது நாற்பத்தைந்து நாள் வருகிறது. எலுமிச்சைத் தோல் போட்டால் உள்ளே புளித்து வாயு குறைந்துவிடும். குழாய் மூட்டில் கசிந்து அழுகிய முட்டை வாடை வந்தபோது, பழுது பார்க்க ஆள் வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை வால்வை மூடி வைத்திருந்தோம். வெளியேறும் கரைசலை மட்டி வாழைக்கு ஊற்றுகிறேன். இந்த முறை குலை கனமாகவே வந்திருக்கிறது.

விற்றவர் போன மாதம் என்னையே சுவர் விளம்பரம் எழுதக் கூப்பிட்டார். 'பசுமை எரிபொருள்' என்று எழுதச் சொன்னார். தீ பச்சையாக எரியும் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றேன். நான் எழுதியது இது: 'கஞ்சி, சோறு, காய்த்தோல் போட்டால் அடுப்பு எரியும். தினமும் போட வேண்டும்.' இரண்டாவது வரியை அழிக்கச் சொன்னார். அழிக்கவில்லை. பாதிக் கூலி இன்னும் வரவில்லை. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்து மாமி ஒரு கலனுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்.