கட்டுச்சோறா, கூடாரத்து அடுப்பா?

கொடைக்கானல் பக்கம் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று முடிவானதுமே எங்கள் வீட்டில் சாப்பாட்டுச் சண்டை தொடங்கிவிட்டது. ஐந்து பேர். எல்லாவற்றையும் செய்து கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார் அம்மா. அங்கேயே சமைப்பதில்தானே குஷி என்றேன் நான். இரண்டு பயணங்களில் இரண்டையும் செய்து பார்த்தாயிற்று.

முதல் நாளைக்குக் கட்டுச்சோறை அடிக்க எதுவும் இல்லை. புளியோதரைக்குச் சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு மூடினால் டப்பா வியர்த்து, மதியத்துக்குள் சோறு நசநசவென்று ஆகிவிடும். புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து அதை இரவு வரை காப்பாற்றும். தேங்காய்ச் சட்னியை மட்டும் கிட்டவே சேர்க்கக் கூடாது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் முதல் நாள் அருமைதான். ஆனால் மறுநாள் காலை, மலைக்குளிரில் டப்பாவைத் திறந்தால் அத்தனையும் விறைத்துக் கிடந்தன. சின்னவன் ஒன்றைத் தரையில் போட்டு, துள்ளுகிறதா என்று பார்த்தான். வெந்த மாவு குளிரில் இறுகத்தான் செய்யும்.

சரி, அடுத்த முறை என் கட்சிப்படி கேசட் ஸ்டவ், அதாவது சின்ன பியூட்டேன் வாயு கேனைப் பொருத்தி எரிக்கும் அடுப்பு. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தோம், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே இல்லை. குக்கர் கட்டாயம் வேண்டும். பியூட்டேன் கேன் வேறு, குளிர் ஏற ஏறச் சோர்ந்துபோகும். ராத்திரி அதைப் போர்வைக்குள் வைத்திருந்து காலையில் எடுத்தால் ஒழுங்காக எரியும். அப்போதும் கூடாரத்துக்குள் பற்றவைக்கக் கூடாது. கோடையில் காய்ந்த புல் பக்கமும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

ஆனால் சமைப்பதைவிடப் பெரிய பாடு பாத்திரம் கழுவுவது. 20 லிட்டர் கேனில் பாதி அதற்கே போயிற்று. ஐஸ் தண்ணீரில் தேய்த்தது யார்? அம்மாதான். குஷி எனக்கு, கை மரத்தது அவருக்கு. அங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் பாக்குமட்டைத் தட்டுகள் வாங்கிப்போனோம். தட்டு கழுவும் வேலையாவது மிச்சம்.

இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. இப்போதெல்லாம் என் ஓட்டு அதற்குத்தான். முதல் நாள் முழுக்கக் கட்டுச்சோறு. மறுநாளிலிருந்து ஸ்டவ்வுக்குப் பெரும்பாலும் வெந்நீர் வைக்கும் வேலைதான். கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் வற்றல் தாளித்து, ரவையையும் உப்பையும் அதிலேயே போட்டு வறுத்து, ஆறியதும் டப்பாவில் அடைத்துவிடுவேன். ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதித்தால் பத்து நிமிடத்தில் உப்புமா, கழுவ ஒரே பாத்திரம். அவல் இன்னும் சுலபம். புளிக்காய்ச்சலைத் தனியாக எடுத்துப் போனால் இரவு சுடுசோற்றில் பிசைந்துகொள்ளலாம்.

குக்கரையே விட்டுவிட்டுப் போகலாம் என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன். பருப்பில்லாமல் அது என்ன சாப்பாடு என்று, அதையும் வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார் அம்மா.